வலம்புரி வெள்ளி

சங்குகளில் இடம்புரி மிகுதி; வலம்புரி அரிது. ஒன்றை எவ்வாறு புரட்டினும் மற்றொன்று ஆகாது. கண்ணாடியில் மட்டுமே இடம்புரி வலம்புரியாய்த் தோன்றும். மூலக்கூறுகளிலும் இவ்விருவகை உண்டு. கார்வோன் என்னும் பொருளின் ஒரு வடிவம் புதினாவாக மணக்கும். அதன் கண்ணாடி வடிவமோ சீமைச்சீரகமாக மணக்கும். அணுக்கள் அவையே, புரி மட்டும் வேறு. மூக்கே அறியும் இவ்வேற்றுமையை மருந்து செய்வோர் அறியாதிருத்தல் தகுமா? ஒரு புரி நோய் தீர்க்க, மறுபுரி பயனற்றதாகவோ தீங்காகவோ இருத்தல் கூடும்.

புரியை அறிய ஒளியே கருவி. ஆனால் ஒளியலையின் நீளத்தை நோக்க மூலக்கூறு மிகச் சிறிது; ஆதலால் அதன் முறுக்கை ஒளி உணர்வது அரிதாகிறது. 1979-இல் டேவிட் ஆண்ட்ரூஸ், திருநாமச்சந்திரன் ஆகிய இருவர் ஏட்டளவில் புதுவழி ஒன்று கூறினர். (இரண்டாவது பெயரைக் கண்டதும் நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்!) செறிவுமிக்க லேசர் ஒளியில், இரண்டு ஒளித்துகள்கள் ஒருசேர மூலக்கூறை அடைந்து, இருமடங்கு அதிர்வெண் உடைய ஒரே துகளாய்ச் சிதறுவதுண்டு. அப்படிச் சிதறும் அளவு, வலமாகச் சுழலும் ஒளிக்கு ஒன்றாகவும், இடமாகச் சுழலும் ஒளிக்கு வேறொன்றாகவும் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நாற்பது ஆண்டுகள் அதை எவரும் கண்டாரில்லை. சிதறும் ஒளி அத்துணை மங்கல்.

2019-இல் இங்கிலாந்தின் பாத் சர்வகலாசாலையில் வாலெவ் குழுவினர் அதைக் கண்டனர். அவர்கள் மூலக்கூறை விட்டு வெள்ளியை நாடினர். தலைமயிரின் தடிப்பில் சில நூற்றில் ஒரு பங்கேயான வெள்ளிச் சுருள்கள் அவை. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தங்குதடையின்றித் திரிவன. ஒளி பட்டதும் ஒருங்கே அலைந்து, சுருளின் வழியே ஓடி, ஒளியின் வலிமையை அவ்விடத்தில் பெருக்குகின்றன. நீர்மத்தில் மிதந்த சுருள்கள் எத்திசை நோக்கிக் கிடந்தாலும், வலச்சுழல் ஒளிக்கும் இடச்சுழல் ஒளிக்கும் சிதறல் வேறுபட்டது. சுருளின் புரியை மாற்றவே வேறுபாடும் தலைகீழாயிற்று.

எனினும், வெள்ளிச் சுருள் மூலக்கூறு அன்று. இக்கருவி நாளையே மருந்துக் கடைக்கு வந்துவிடும் என எண்ணுதல் மிகை. முன்பு கணக்காய் மட்டும் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

திருநாமச்சந்திரன், கிரெய்க் என்பாருடன் எழுதிய மூலக்கூற்றுக் குவாண்டம் மின்னியக்கவியல் நூல் 1984-இல் வெளிவந்தது. கல்லூரியில் பௌதிகம் பயிலும் நம் பிள்ளைகள் அதனைத் தேடிப் பார்க்கலாம். கணிதம் சற்றுக் கடுமையானதுதான்.