அம்பு எந்தப் பக்கம்?

சங்கத் தோழர்களே! வகுப்பிலே படம் வந்துவிட்டது, இனிப் பாடம் எளிது என்று மகிழ்கிறோம். அந்தப் படத்தைப் போட்டவர் யார் என்று கேட்டோமா?

கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 45,000 வகுப்பறைகளிலே மடிக்கணினியும் புரொஜெக்டரும் அமைக்கும் வேலையை அது செய்தது. நன்று. திரையிலே காட்டப்படும் கருத்துப்படத்தைப் பற்றித்தான் என் வழக்கு.

ஒரு கட்டத்தில் ஒரு கருத்து, மறு கட்டத்தில் மற்றொன்று, நடுவே ஓர் அம்பு, அம்பின்மேல் ஒரு சொல். இதுதான் கருத்துப்படம். 1972-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டார்கள். எதற்காக? சிறுவர்களின் அறிவியல் அறிவு ஆண்டுதோறும் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக! பிள்ளையின் மனத்தைக் காணப் பிறந்த கருவி அது. ஆசிரியரே போட்டு முடித்துத் திரையில் காட்டினால் தெரிவது ஆசிரியரின் மனமன்றோ?

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவே நிற்கும். அம்பு போகும் போக்கிலேயே வாக்கியம் அமைந்துவிடும். தமிழிலோ வினை கடைசியில் வரும். உணவுச் சங்கிலியைப் பாருங்கள். ஆற்றல் போகும் திசையிலே, தவளையிலிருந்து பாம்புக்கு அம்பு போடுவது வழக்கம். அதன்மேல் 'தின்னும்' என்று எழுதினால் 'தவளை தின்னும் பாம்பு' என்றாகும். தின்பது எது, தின்னப்படுவது எது? இரண்டு பொருளும் வரும்! 'தவளையைத் தின்னும் பாம்பு' என்று ஓர் 'ஐ' சேர்த்தால் ஐயம் தீர்ந்தது. அந்த 'ஐ'யைத் தானே சேர்க்கிற பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது. சேர்க்காத பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசலாம். திரையில் ஓடும் ஆயத்தப் படம் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

மென்பொருள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழித்து அழித்துத் தாளைக் கிழிக்காமல் கட்டங்களை நகர்த்தலாம். அது பெரிய வசதி. இலவசமாகவே கிடைக்கிற சிமேப் டூல்ஸ் போதும். ஆனால் முதலில் வெறும் அம்பைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் முழுத் தமிழ் வாக்கியமாகப் பிள்ளையே எழுதட்டும். கணிப்பொறி பிறகு.

நாற்பது பிள்ளைகளின் வாக்கியங்களை ஓர் ஆசிரியர் எப்படிப் படிப்பார் என்பீர்கள். நியாயமான கேள்விதான். பாடத்தை முடிக்கவே அவருக்கு நேரம் போதாது. சாலைக் கடைவீதிப் பிள்ளைகள் அங்குள்ள அரசுத் தமிழ்ப் பள்ளியிலே படிக்கிறார்கள். தெருவிலே மலையாளம், பாடநூலிலே தமிழ், கல்லூரிக்கு வந்தால் ஆங்கிலம். அறிவியலும் தமிழும் அறிந்த நாம் இத்தனை பேர் இந்த ஊரிலே இருந்துகொண்டு, ஆண்டுக்கொரு பொங்கல் விழாவோடு நிறுத்திக்கொள்வதா?

சங்கச் செயலாளர் தலைமையாசிரியரைக் கண்டு இசைவு பெறட்டும். வாரம் இரண்டு மணி நேரம்; எட்டாம் வகுப்பில் தொடங்கலாம். பட்டியலிலே முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.