குற்றாலம் போகிற காரை இறக்கலாமா?

பந்தயக் கார் போல் மாற்ற ஆசை! ஆபத்து எங்கே? சட்டம் என்ன சொல்கிறது?

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்கு ஓய்வு கிடையாது.

ஜூன் மாதம் பிறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வீசும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டும். மதுரையில் இருந்தும் நெல்லையில் இருந்தும் தூத்துக்குடியில் இருந்தும் கொல்லத்தில் இருந்தும் கார்கள் வந்து குவியும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவகைக் கார் தனியாகத் தெரியும். அது தரையோடு தரையாகப் பதுங்கி வரும். சக்கரத்துக்கும் அதன் மேல் உள்ள தகட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடம் இராது. ஓட்டுகிறவர் வாலிபர். பின்னால் அம்மாவும் அப்பாவும் தங்கையும் உட்கார்ந்து இருப்பார்கள்.

அது பந்தயக் கார் அல்ல. கடனுக்கு வாங்கிய குடும்பக் கார். பந்தயக் கார் போல் தெரியவேண்டும் என்பதற்காக அதன் ஸ்பிரிங்குகளை மாற்றி இருப்பார்கள். "வண்டியை இறக்குவது" என்று பட்டறைகளில் இதற்குப் பெயர்.

இது அழகா, ஆபத்தா? பணம் கொடுக்கிற தகப்பனாரும், பின்னால் உட்காருகிற தாயாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பட்டறையில் நடக்கும் பேச்சு

எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"அண்ணாச்சி, வண்டியை இரண்டு அங்குலம் இறக்கணும். முடியுமா?"

"முடியும் தம்பி. இறக்குவது லேசு. வழியில் வேகத்தடை வந்தால் என்ன செய்வீங்க?"

"மெதுவாக ஏற்றி இறக்குவேன்."

"வீட்டு ஆட்கள் நாலு பேர் உள்ளே இருந்தால்?"

தம்பிக்குப் பதில் வராது. இந்தக் கேள்விக்குத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

கட்டை வண்டியும் வில் வண்டியும்

காரின் அடியில் என்ன இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள மாட்டு வண்டியை நினைத்துப் பார்த்தால் போதும்.

கட்டை வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி முழுவதும் தூக்கிப் போடும். வில் வண்டியில் அச்சுக்கு மேல் இரும்புப் பட்டைகள் வளைத்து வைக்கப்பட்டு இருக்கும். சக்கரம் குதித்தாலும் பட்டை வளைந்து கொடுக்கும். உள்ளே இருப்பவருக்கு அலுங்காது.

காரிலும் அதே வேலைதான். பட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலான கார்களில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு தடவை அமுக்கினால் அது ஒரு தடவையோடு நிற்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆட்டத்தை அடக்க வந்ததுதான் ஷாக் அப்சர்பர். அது ஒரு குழாய். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன் இருக்கிறது. கார் ஆடும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியாக நெருக்கிக்கொண்டு போகவேண்டும். அதனால் ஆட்டம் குறைகிறது. ஆட்டத்தின் வேகம் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது.

ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர், இவற்றைச் சக்கரத்தோடு இணைக்கும் கைகள், அவற்றில் உள்ள ரப்பர் புஷ்கள். இந்தக் கூட்டத்துக்குத்தான் சஸ்பென்ஷன் என்று பெயர்.

சொகுசாகப் போவதற்கு மட்டும் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. டயரைத் தரையோடு வைத்திருப்பதுதான் இதன் முக்கியமான வேலை.

ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். நான்கு டயருக்கும் நான்கு உள்ளங்கை. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான். டயர் தரையை விட்டு எழும்பிவிட்டால் பிரேக் இருந்தும் பயன் இல்லை. ஸ்டீரிங் இருந்தும் பயன் இல்லை.

பந்தயக் கார் ஏன் தாழ்ந்து இருக்கிறது?

பந்தயக் கார் தாழ்ந்துதானே இருக்கிறது, அதில் தப்பு என்ன என்று வாலிபர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கார் வளைவில் திரும்பும்போது அதன் பாரம் வெளிப்பக்கத்துச் சக்கரங்களின் மேல் சாயும். கார் உயரமாக இருந்தால் இந்தச் சாய்வு அதிகம். தாழ்ந்து இருந்தால் குறைவு. அதனால் பந்தயக் காரைத் தாழ்வாகச் செய்கிறார்கள். தாழ்ந்த கார் தரையில் இடிக்கக் கூடாது என்பதற்காக ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறார்கள்.

ஆனால் பந்தயம் நடக்கிற இடம் எது? சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் இருக்கிறது. கோவையில் கரி மோட்டார் தளம் இருக்கிறது. அங்கே குழி இல்லை. வேகத்தடை இல்லை. எதிரே பஸ் வராது. ஆடு மாடு குறுக்கே வராது.

தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் வழி அப்படியா? சாரலில் ரோடு நனைந்து கிடக்கும். ஓரத்தில் தார் பெயர்ந்து இருக்கும். செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை. அங்கிருந்து ஆரியங்காவுக்கு மலை ஏற வேண்டும். பாரம் ஏற்றிய லாரிகள் வளைந்து வளைந்து இறங்கும் பாதை அது.

இப்படிப்பட்ட ரோட்டில் மிகக் கடினமான ஸ்பிரிங் என்ன செய்யும்? மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் தாவிப் போகும். தாவுகிற நேரத்தில் டயர் தரையில் இராது. அந்த நேரத்தில் வளைவும் ஈரமும் சேர்ந்து வந்தால் கார் வழுக்கும்.

நல்ல ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கல் மாதிரி இருக்கவேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் 1962-ல் லோட்டஸ் எலான் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. வளைவில் திரும்புவதில் அதற்கு உலகம் முழுவதும் பெயர். அதன் ஸ்பிரிங்குகள் மென்மையானவை! ஸ்பிரிங் மென்மையாக இருந்தாலும் அதன் ஆட்டத்தை ஷாக் அப்சர்பர் சரியாக அடக்கியது. பெயர் வாங்கித் தந்தது அந்தப் பொருத்தம்தான்.

கணக்குப் பார்ப்போம்

சாதாரணக் குடும்பக் காரின் அடிவயிறு தரையில் இருந்து ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டு அங்குலம் இறக்கினால் 5 சென்டிமீட்டர் போய்விடும். மிச்சம் 11.

ஐந்து பேர் ஏறுகிறார்கள். ஆளுக்கு 65 கிலோ என்றாலும் 325 கிலோ. துணிமணி, சாப்பாடு, தண்ணீர் என்று இன்னும் 50 கிலோ. கார் இன்னும் கீழே அமுங்கும்.

இனி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வட்ட முதுகு உள்ள வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். அகலம் 3.7 மீட்டர். இது விதிப்படி போட்ட வேகத்தடைக்கு. எல்லா ஊரிலும் விதிப்படியா போடுகிறார்கள்?

மிச்சம் 11 சென்டிமீட்டர். அதிலும் ஐந்து பேர் பாரம். எதிரே 10 சென்டிமீட்டர் மேடு. கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியது இல்லை. காரின் அடியில்தான் என்ஜின் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. அது உடைந்தால் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினே போய்விடும்.

மூன்று வழிகள்

காரை இறக்க மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று: பழைய ஸ்பிரிங்கை வெட்டுவது. செலவு மிகக் குறைவு. ஆபத்து மிக அதிகம். சூடு வைத்து வெட்டினால் இரும்பின் முறுக்கு கெடும். நீளம் குறைந்த ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தன் இடத்தை விட்டு நகரக்கூடும். இதை யாரும் செய்யக் கூடாது.

இரண்டு: குட்டை ஸ்பிரிங் வாங்கிப் பழைய ஷாக் அப்சர்பரோடு மாட்டுவது. பழைய ஷாக் அப்சர்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. புதிய கடின ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அதனால் சரியாக அடக்க முடியாது. அது சீக்கிரம் எண்ணெய் கசியும்.

மூன்று: காயில் ஓவர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக ஒரே ஜோடியாக வரும். திருகி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மூன்றில் இதுவே முறையானது. ஆனால் விலை அதிகம். மாட்டிய பிறகு சக்கர அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். முன் விளக்கின் ஒளி விழும் இடத்தையும் சரிசெய்ய வேண்டும். தெரியாதவர் கையில் கொடுத்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

இதற்கு நேர்மாறான நாகரிகமும் உண்டு. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் வைத்துக் காரை உயர்த்துகிறார்கள். அடி இடிக்காது என்பது சரிதான். ஆனால் பஃபர் வைத்த இடத்தில் ஸ்பிரிங் வேலை செய்யாது. உயர்ந்த காருக்கு வளைவில் சாய்வும் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழில் உள்ளது வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது.

இந்தப் பிரிவு பற்றி கேரளத்தில் இருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி தீர்ப்பு வந்தது. தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது.

அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. புதிதாக வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். அல்லது இரண்டும்!

தென்காசிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். புளியரையைத் தாண்டினால் கேரளம். மாற்றம் செய்த வண்டிகள் மீது அங்கே கண்டிப்பான நடவடிக்கை எடுத்து வந்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றமும் இழப்பீடு கேட்கும் நாளில் குறுக்கே வரலாம்.

தேய்ந்த ஷாக் அப்சர்பரைக் கழற்றி, அதே அளவில் தரமான புதியது மாட்டுவது பழுதுபார்ப்பு. அதில் வில்லங்கம் இல்லை. உயரத்தையோ அமைப்பையோ மாற்ற நினைப்பவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணத்தைச் செலவிடுவது நல்லது.

எதை முதலில் செய்வது?

கார் வளைவில் நன்றாகப் போகவேண்டும் என்ற ஆசை தவறு அல்ல. அதற்கு வரிசை இருக்கிறது.

முதலில் டயர். காரின் டயர் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பது விதி. மழை ரோட்டில் அதைவிட அதிகம் இருப்பது நல்லது. காற்றின் அளவும் சரியாக இருக்கவேண்டும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு காற்று என்று கதவு ஓரத்தில் அல்லது கையேட்டில் எழுதி இருக்கும்.

அடுத்து அலைன்மெண்ட். அதன் பிறகு ரப்பர் புஷ்கள். வெடித்த புஷ் இருந்தால் எந்த விலை உயர்ந்த ஷாக் அப்சர்பரும் பயன் தராது.

பிறகுதான் ஷாக் அப்சர்பர். அது போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காரின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கிக் கையை எடுக்க வேண்டும். எழும்பி உடனே அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் தேய்ந்துவிட்டது. அதன் குழாயில் எண்ணெய் வழிந்து இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. முன்பக்கம் இரண்டும் சேர்த்து, அல்லது பின்பக்கம் இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்தவர்கள் காரை ஓட்டிப் பார்க்கட்டும். "புதுக் கார் மாதிரி இருக்கிறது" என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசைதான். வேகத்தைச் சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால், அதற்கான இடம் பந்தயத் தளம். சாரல் விழும் மலை ரோடு அல்ல.

மகனும் தகப்பனாரும்

மகன் காரை இறக்கவேண்டும் என்று கேட்டால் தகப்பனார் கோபப்பட வேண்டியது இல்லை. மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

"டயர் எப்போது மாற்றினாய்? ஷாக் அப்சர்பரை அமுக்கிப் பார்த்தாயா? அம்மாவும் தங்கையும் ஏறிய பிறகு வேகத்தடையில் அடி இடிக்குமா?"

மூன்றுக்கும் பதில் தெரிந்த மகன், காரை இறக்கப் போகமாட்டான். அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்குவான்.

அருவிக் கரையில் இறங்கும்போது காரை நான்கு பேர் திரும்பிப் பார்ப்பது கொஞ்ச நேரம். தலை துவட்டிக்கொண்டு எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அதற்குக் காரின் நான்கு டயர்களும் தரையில் இருக்கவேண்டும்.