அருகில் இருந்தும் தொலைவான யாழ்ப்பாணம்

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 185 கி.மீ. தொலைவில் உள்ளது. சென்னையோ ஏறத்தாழ 290 கி.மீ. மாநிலத் தலைநகரைவிட அயல்நாட்டு நகரம் ஒன்று திருச்சிக்கு அருகில் இருக்கிறது. ஆனால், இந்த அண்மை நெடுங்காலம் வரைபடத்தில் மட்டுமே இருந்தது.

2025 மார்ச் 30 அன்று இவ்விரு நகரங்களுக்கும் இடையே இண்டிகோ நேரடி விமான சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்பு திருச்சியிலிருந்து கிளம்புபவர் சென்னைக்குப் போய் விமானம் மாற வேண்டும்; அல்லது கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே சுமார் 400 கி.மீ. சாலையிலோ ரயிலிலோ பயணிக்க வேண்டும்.

இத்தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. கணக்குப்படி 22 நிமிடங்கள் போதும். ஆயினும், ஓடுபாதை வரை ஊர்வது, மேலெழுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து அட்டவணை நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரமாகிறது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வர வேண்டும். குடியேற்ற, சுங்கச் சோதனைகள் தனி. ஆக, பயண நேரத்தைத் தீர்மானிப்பது தொலைவு அல்ல, நடைமுறை. அப்படியிருந்தும் ஒரு முழு நாள் அலைச்சல் அரை நாளாகச் சுருங்கியிருப்பது சிறிய மாற்றமன்று.

என் கவலை வேறு. இக்கடலைக் கடக்கும் வழிகள் திறப்பதும் மூடுவதும் புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு வந்தது. பின்னர் போர் அனைத்தையும் முடக்கியது. 2019 நவம்பரில் தொடங்கிய சென்னை–யாழ்ப்பாணம் சேவை பெருந்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி புறப்பட்டது.

சிறிய விமானத்தில் இருக்கைகள் குறைவு. சில மாதங்கள் கூட்டம் குறைந்தாலும் சேவை ஆட்டம் காணும். ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானங்கள் வரலாம். ஆனால், பலாலியைச் சுற்றியுள்ள நிலங்கள் 1990-இல் இடம்பெயர்ந்த மக்களுடையவை. அவர்களின் ஒப்புதலும் உரிய இழப்பீடும் இன்றி விரிவாக்கம் கூடாது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உள்நாட்டுச் சிறு நகரங்களுக்கான ‘உடான்’ திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தடங்களின் வருவாய்ப் பற்றாக்குறையை ஈடுசெய்ய மூன்றாண்டுகளுக்கு நிதி வழங்கப்படுகிறது. அத்தகைய உறுதியை இந்தத் தடத்துக்கும் இரு அரசுகளும் சேர்ந்து அளிக்கலாம்.

பாக் நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே குடும்பத்தினர் பிரிந்து வாழ்கின்றனர். துக்கச் செய்தி கேட்டுக் காலையில் கிளம்புபவர் மாலைக்குள் உறவினரின் முகத்தைப் பார்க்க முடிகிறதா? இத்தடத்தின் வெற்றிக்கு என்னைப் பொறுத்தவரை அதுவே அளவுகோல். அதற்கு விமானத்தின் வேகத்தைக் காட்டிலும் சேவையின் நிலைத்தன்மையே முக்கியம்.