நொதியைப் பழிக்குமுன் மின்முனையைப் பாருங்கள்

நொதியின் துணையோடு குளுக்கோஸிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது 1964-லேயே ஆய்வகத்தில் காட்டப்பட்டுவிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நொதி எரிபொருள் மின்கலம் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. நொதி ஒரு புரதம், சீக்கிரம் கெட்டுவிடும் என்று சொல்லிப் பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். பெரிய முட்டுக்கட்டை நொதியைத் தாங்கி நிற்கும் மின்முனையில் இருக்கிறது. ஆராய்ச்சிப் பணம் அங்கேதான் போக வேண்டும்.

குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைப் பாருங்கள். குளுக்கோஸிடமிருந்து எலெக்ட்ரான்களை வாங்கும் அதன் மையம், புரத ஓட்டுக்குள் ஏறக்குறைய ஒன்றரை நானோமீட்டர் ஆழத்தில் புதைந்திருக்கிறது. தூரம் சற்றுக் கூடினாலும் எலெக்ட்ரான் தாவும் வேகம் மடமடவென்று சரிந்துவிடும். அதனால் வழுவழுப்பான உலோகத் தகட்டில் நொதியைப் பூசிவிட்டால் மட்டும் போதாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஹெல்லர், ஆஸ்மியம் கோத்த பாலிமர் இழைகளால் நொதியையும் மின்முனையையும் இணைத்தார். 2003-ல் அவரது குழு, 7 மைக்ரான் தடிமனும் 2 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட இரண்டு கார்பன் இழைகளை ஒரு திராட்சைப் பழத்தில் செருகியது. தோலருகே 2.4 மைக்ரோவாட் கிடைத்தது. ஆக்ஸிஜன் குறைவான நடுப்பகுதியில் அதில் பாதிகூட இல்லை. பிரான்சின் கிரனோபில் ஆய்வாளர்கள் 2011-ல், கார்பன் நானோகுழாய்களையும் நொதியையும் சேர்த்து வில்லையாக அழுத்தி, சதுர சென்டிமீட்டருக்கு 1.3 மில்லிவாட் எடுத்தார்கள். நொதி பழையதுதான், மாறியது அதன் இருப்பிடம்.

பிளாட்டினம் இருக்க நொதி எதற்கு என்று கேட்கலாம். பிளாட்டினம் குளுக்கோஸையும் ஆக்ஸிஜனையும் பிரித்துப் பார்க்காது. இரு முனைகளுக்கும் நடுவே தடுப்புச்சவ்வு வேண்டும். நொதி தனக்குரியதை மட்டுமே தொடும், சவ்வு இல்லாமலே வேலை நடக்கும். பேஸ்மேக்கரில் 1972 முதல் லித்தியம்-அயோடின் மின்கலம் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறதே என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். அந்த இடத்தை நொதிக்கலம் பிடிக்கும் என்று வாக்களிப்பதை ஆய்வாளர்கள் நிறுத்திவிடலாம். வியர்வையிலுள்ள லாக்டேட்டில் ஓடும், சில நாள் ஒட்டிக் கழற்றிவிடும் உடல்நலப் பட்டைகள்தான் இதற்கு ஏற்ற களம்.

நொதி நிலைக்காது என்பதற்கும் கண்கூடான பதில் உண்டு. ஹெல்லரின் அதே உத்தியில் உருவான சர்க்கரை உணரிகளைச் சர்க்கரை நோயாளிகள் இன்று 14 நாள் தோலில் அணிந்திருக்கிறார்கள். நொதியின் அளவுக்குப் பொருந்திய துளைகள் உள்ள கார்பனில் புரதம் எளிதில் குலைவதில்லை. ஆயினும் ஆய்வுக் கட்டுரைகள் பலவும் முதல் நாளின் உச்ச மின்திறனையே தலைப்பில் தூக்கிப் பிடிக்கின்றன. உடல் வெப்பமான 37 டிகிரியில் முப்பதாம் நாள் எவ்வளவு மின்திறன் மிஞ்சுகிறது என்ற கணக்கைத் தராத எந்தத் திட்டத்துக்கும் நிதி வழங்கும் அமைப்புகள் பணம் தரக்கூடாது.