செவியின் கலைக்கு விளக்கு எதற்கு?

சிறுவயதில் பார்வையிழந்த கே.சி. தே, கொல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் படங்களில் பாடினார், நடித்தார். அவர் காலத்து ஆர்மோனியம் எவரிடமும் விளக்கெரித்துப் பேசியதில்லை. இன்றைய லூப் பெடல்கள் பல அப்படித்தான் பேசுகின்றன: பதிவுக்குச் சிவப்பு, ஒலிப்புக்குப் பச்சை. பாடியதை மேடையிலேயே பதிந்து, சுழலவிட்டு, அதன்மேல் மீண்டும் பாடும் கலை முழுக்கச் செவியின் வேலை. பதிவு தொடங்கிற்றா என்பதை மட்டும் கண்ணிடம் கேட்க வேண்டுமாம்! தவறிப் பதிந்தாலோ, அப்பிழையே அவையின் முன் சுற்றிச்சுற்றி ஒலிக்கும். காதுக்குள் ஒரு சிற்றொலி, காலடியில் ஓர் அதிர்வு போதும். 2024இல் ஏபில்டன் லைவ் 12 திரைவாசிப்பானுக்கு இடமளித்துவிட்டது. பெடல் செய்வோருக்கு என்ன தடை? அனைவருக்குமான வடிவமைப்புடைய நுகர்பொருள்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. இசைக்கருவி நுகர்பொருள் அன்றோ?