தொழில் கசந்தாலும் வாழ்வு கசக்க வேண்டியதில்லை



திங்கட்கிழமை காலையில் பேருந்துத் தரிப்பிடங்களில் நிற்போரின் முகங்களைச் சற்றே நோக்குங்கள். ஞாயிறு திருப்பலியில் மலர்ந்திருந்த அதே முகங்கள் வாடியிருக்கும். கந்தோரில் விரல் அடையாளம் பதிய வேண்டிய நேரம் நெருங்குகின்றது, பேருந்து வரவில்லை. வந்தாலும் நிற்க இடமில்லை. போய்ச் சேர்ந்தால், வெள்ளிக்கிழமை முடித்து அனுப்பிய கோப்பு ஒரு கையொப்பம் குறைவென்று மேசைக்குத் திரும்பி வந்திருக்கும். வரிசையில் காத்து நிற்போர், மேலதிகாரியிடம் காட்ட இயலாத சினத்தை எதிரே அமர்ந்திருக்கும் லிகிதரிடம் காட்டுவர். மாலை 4.15 ஆகும்வரை கண்கள் சுவர்க் கடிகாரத்தையே நாடும். மறுநாளும் இதுவே தொடரும்.

"இந்தத் தொழிலில் எனக்கு மனமில்லை" என்பதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொழிலின்றி எத்தனையோ பேர் அலையும் நாட்டில், கிடைத்ததைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயல் என்று அஞ்சுகின்றனர். 2020ஆம் ஆண்டிலே பல்லாயிரம் பட்டதாரிகள் அரச திணைக்களங்களில் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டனர். தாம் கற்ற கல்விக்கும் அமர்ந்த மேசைக்கும் தொடர்பில்லாமற் போனவர்கள் அவர்களுள் பலர். பிள்ளைக்கு அரச உத்தியோகம் கிடைத்ததென்று குடும்பம் மகிழ்ந்தது, நேர்த்திக்கடனும் நிறைவேற்றப்பட்டது. அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் மூண்ட சலிப்பைக் கேட்பதற்குத்தான் எவரும் இருக்கவில்லை.

இந்தச் சலிப்பைத் திருவிவிலியம் மறைக்கவில்லை என்பதை முதலில் நினைவிற் கொள்வோம். சபை உரையாளர் என்னும் நூலின் ஆசிரியர், தம் உழைப்பின்மீதே தமக்கு வெறுப்பு உண்டாயிற்று என்று வெளிப்படையாக எழுதுகின்றார். பகலில் உழைப்பவனுக்குத் துன்பம், இரவிலோ அவன் உள்ளத்திற்கு அமைதியில்லை என்று அவர் வருந்துகின்றார். ஆனால் அதே அதிகாரத்தின் முடிவில், உண்பதிலும் குடிப்பதிலும் தன் உழைப்பின் நடுவே மகிழ்ச்சி காண்பதிலும் இறைவனின் கைவண்ணத்தை அவர் கண்டுகொள்கின்றார். உழைப்பின் கசப்பை அறிந்த ஒருவரே, சிறிய மகிழ்ச்சிகளை இறைவனின் கொடை என்று நமக்குச் சொல்லித் தருகின்றார்.

தொழிலில் நிறைவு காணாதவரிடம், "தொழிலை நேசியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அறிவுரை கூறுவது எளிது. ஆயினும், எல்லோருக்கும் நேசிக்கத்தக்க தொழில் வாய்ப்பதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981ஆம் ஆண்டில் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், மனிதன் வேலைக்காகப் படைக்கப்படவில்லை, வேலையே மனிதனுக்காக உள்ளது என்னும் உண்மையைத் தெளிவுபடுத்தினார். அப்படியாயின், நம் பதவியின் பெயரோ சம்பளப் பட்டியலோ நாம் யார் என்பதைத் தீர்மானிக்க முடியாது. கந்தோரில் நாம் ஒரு கையொப்பமாக மட்டும் இருக்கலாம். வீட்டிலே நாம் தந்தை, தாய், மகன், மகள். இறைவன் முன்னிலையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள்.

இதை மறக்கும்போது இழப்பு கந்தோருக்கு அல்ல, வீட்டுக்கே ஏற்படுகின்றது. மேலதிகாரியிடம் அடக்கிய கோபம் மனைவியின்மீது பாய்கின்றது. பள்ளியில் வரைந்த படத்தைக் காட்ட ஓடிவரும் பிள்ளைக்கு, "பிறகு பார்ப்போம்" என்ற பதிலே கிடைக்கின்றது. வேலைக்குப் போய்வரும் தாய்க்கோ இரண்டாவது வேலைநாள் அடுப்படியில் தொடங்குகின்றது. அவரது களைப்பை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. "ஓய்வூதியம் எடுத்த பின் ஆறுதலாக வாழலாம்" என்று சொல்லிக்கொண்டே ஆண்டுகளைக் கடத்துகின்றோம். 60 வயதில் அந்த ஓய்வு வரும்போது, படம் காட்ட வந்த பிள்ளை வெளிநாட்டில் இருக்கும். ஒத்திவைத்த மகிழ்ச்சிகளுள் பல, பின்னர் கேட்டாலும் கிடைப்பதில்லை.

ஆகையால், அன்புக்குரியவர்களே, இன்று கிடைக்கும் சிறிய மகிழ்ச்சிகளை அற்பமென்று தள்ளிவிடாதீர்கள். வேலை முடிந்து வந்து பனங்கட்டியுடன் அருந்தும் தேநீர், முற்றத்துப் பூங்கன்றுகளுக்கு ஊற்றும் தண்ணீர், பாடகர் குழாமின் மாலைப் பயிற்சி, கடற்கரை வரை ஒரு சைக்கிள் பயணம், ஞாயிறு பகலில் அயலவரையும் அழைத்துப் பகிரும் ஒடியற்கூழ் ஆகிய இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவில்லை. 2022 ஜூன் மாதத்தில், உணவுக்கும் எரிபொருளுக்கும் நாடு தவித்த வேளையில், அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யவென மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. துன்பத்தின் நடுவே வந்த அந்த வெள்ளிக்கிழமைகளில், கத்தரிக் கன்றின் முதற் பிஞ்சை வீட்டாரை அழைத்துக் காட்டி மகிழ்ந்தவர்களும் நம்மிடையே இருந்தனர்.

எனினும், வேலையின் அலுப்பை மறக்க உதவும் எல்லாமே மகிழ்ச்சி ஆகிவிடாது. மதுக்கடைக்குச் செல்பவரும் அலுப்புத் தீரவே செல்வதாகக் கூறுகின்றார். நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பவரும் அதையே சொல்கின்றார். இவற்றைப் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. அதன்பின் வீட்டாரோடு அன்பாக உரையாட நமக்கு மனம் வருகின்றதா? ஆம் எனில் அது இறைவனின் கொடை. அவர்களிடமிருந்து விலகி ஒளிந்துகொள்ளத் தோன்றுமாயின், அது நம்மை மேலும் களைப்படையச் செய்யும் பொய்யான ஓய்வே.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிறிய மகிழ்ச்சிகளைக் காட்டி, அநீதியைப் பொறுத்துக்கொள்ளுமாறு எவரும் எவரிடமும் கேட்கக் கூடாது. குறைந்த கூலிக்குக் கொழுந்து பறிக்கும் மலையகத் தாய்க்கும், ஆடைத் தொழிற்சாலையில் இரவுபகலாகத் தைக்கும் மகளுக்கும் முதலில் வேண்டியது நியாயமான ஊதியமும் மதிப்புமே. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நீதியான கூலிக்காகக் குரல் எழுப்பினார். வேறு நல்ல தொழிலைத் தேடுவதும் பாவமல்ல. தேடும் காலத்திலும் வாழ்வு நின்றுவிடக் கூடாது என்பதே நாம் வலியுறுத்துவது.

பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் பல ஆண்டுகள் சமையல் வேலை செய்து, 1691இல் இறந்த லோறன்ஸ் சகோதரரை நினைத்துப் பாருங்கள். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத ஒன்று. எனினும் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும், நற்கருணைப் பேழையின்முன் முழந்தாளிட்டிருக்கும் போதும் இறைவன் தமக்கு ஒரே அளவில் அருகில் இருப்பதாக அவர் உணர்ந்தார். அடுப்படி மாறவில்லை, அங்கே தம்மோடு இருப்பவர் யாரென்பதை அவர் கண்டுகொண்டார்.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரமும் நமக்கு ஆறுதல் தருகின்றது. சீடர்கள் இரவு முழுவதும் வலைவீசியும் ஒன்றும் அகப்படவில்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வெறும் வலையோடு கரைதிரும்பிய நம் கடற்றொழிலாளர் அந்த விடியலின் கசப்பை நன்கறிவர். ஆனால் ஆண்டவர் சொற்படி வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் அகப்பட்டன. சீடர்கள் கரையேறியபோது அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டிருந்தது. மீனும் அப்பமும் ஆயத்தமாயிருந்தன. உயிர்த்த ஆண்டவரே அவர்களை உணவருந்த அழைத்தார். உண்ட பின்னரே பேதுருவிடம் தம் மந்தையின் பொறுப்பை ஒப்படைத்தார். சாவை வென்றவர், களைத்தவர்களுக்குக் காலையுணவு ஆக்கிக் கொடுப்பதைச் சிறிய செயலென எண்ணவில்லை.

எனவே இவ்வாரம் ஒன்றைச் செய்து பாருங்கள். வேலை முடிந்து வீட்டு வாசலை அடையும்போது ஒரு கணம் நின்று, சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய கந்தோரை ஆண்டவரின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். இரவுணவு மேசையில் முதலில் பிள்ளைகள் பேசட்டும். அன்று உங்களுக்குக் கிடைத்த சிறிய மகிழ்ச்சி ஒன்றைக் குடும்பச் செபத்தில் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். நாளையும் அதே பேருந்து தாமதமாகவே வரலாம். ஆயினும் நீங்கள் திரும்பி வரும் வீடு, உங்களை எதிர்பார்த்து மகிழும் வீடாக இருக்கும்.

நாசரேத்தூரில் உழைத்து, மாலையில் சூசையப்பரோடும் மரியன்னையோடும் உணவைப் பகிர்ந்துண்ட ஆண்டவர், உங்கள் இல்லங்களின் ஒவ்வொரு மாலைப்பொழுதையும் ஆசீர்வதிப்பாராக.