ஏழையின் சரித்திரத்தை எழுதுவது யார்?

பிள்ளையார்குப்பத்தில் ஒரு வீட்டில் பம்பு மோட்டார் களவு போனது என்று வைத்துக்கொள்வோம். பொழுது விடிவதற்குள் போலீஸ் ஜீப் யார் வாசலில் நிற்கும்? என்றோ ஒரு கேஸில் சிக்கிய கூலிக்காரனின் குடிசை வாசலில்! ஏனென்று கேட்டால், ஸ்டேஷனில் ஓர் ஏடு இருக்கிறது என்பார்கள். அதற்குச் சரித்திரப் பதிவேடு என்று பெயர். நம் பேச்சில் கேடி லிஸ்ட்.

அவனுடைய படம், கைரேகை, உறவினர், கூட்டாளி, பிழைப்பு, நடமாட்டம் எல்லாம் அதில் ஏறும். துப்புத் துலக்க இது தேவை என்கிறது போலீஸ். இருக்கட்டும். கூலிக்காரன் வளர்த்த ஆட்டைத் திருடுகிறவனும் திருடன்தான். அவன் பிடிபட வேண்டியதுதான். ஆனால் ஒருவன் செய்ததை எழுதுவது வேறு, அவன் பிறப்பையே குற்றமாக எழுதுவது வேறு.

வெள்ளையன் பிறப்பைத்தான் எழுதினான். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தான். 1911இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். ஜாதி ஜாதியாக ஜனங்களைப் பதிந்தான். ஊர் தாண்டச் சீட்டு. இராத்திரியானால் ஸ்டேஷனில் ஆஜர்! ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்றது மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

மக்கள் போராடினார்கள். 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. எண்ணம் ஒழிந்ததா? பாகூருக்கு அடுத்த கடலூர்ச் சீமையைப் பாருங்கள். முதனை கிராமத்தின் ராஜாக்கண்ணு, குறவர் குலத்துக் கூலித் தொழிலாளி. 1993இல் திருட்டுப் பழி சுமத்திக் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடித்தே கொன்றார்கள்.

சரித்திர ஏட்டில் பெயர் இருப்பதால் ஒருவன் வீட்டுக் கதவை நடுநிசியில் தட்டக் கூடாதென்று 1962இலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் அதே கோர்ட் இன்னும் தெளிவாகப் பேசியது: பின்தங்கியோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்பதற்காக எந்திரம்போல் பெயரை ஏற்றாதே; சிறுவர் பெயரைச் சான்றின்றி எழுதாதே; மேலதிகாரி அவ்வப்போது ஏட்டைத் தணிக்கை செய்யட்டும். எல்லா மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தங்கள் விதிகளைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. புதுவையும் இதில் அடக்கம்.

தீர்ப்பு காகிதத்தில் கிடந்தால் குடிசைக்கு என்ன லாபம்? நாம் கேட்க வேண்டியது இதுதான். ஏட்டில் பெயர் ஏறினால் அவனுக்குச் சொல். அவன் மறுப்பையும் கேள். பல ஆண்டு குற்றமின்றி உழைத்துப் பிழைத்தவன் பக்கத்தை மூடு. போலீஸ் எழுதியதைப் போலீஸே சரிபார்த்தால் போதாது, மாஜிஸ்திரேட்டும் பார்க்கட்டும்.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! அடுத்த முறை ஜீப் வந்து ஒருவனை ஏற்றினால், "அவன் பழைய கேடி" என்று கதவைச் சாத்தாதீர்கள். பத்துப் பேராகச் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போங்கள். "என்ன கேஸ்? என்ன சாட்சி?" என்று கேளுங்கள். அவன் சரித்திரத்தைப் போலீஸ் மட்டும் எழுத விடாதீர்கள். அவனோடு நாற்று நட்டவர்களும் தறி ஓட்டியவர்களும் சாட்சி சொல்லட்டும்!